நரகத்தில் எங்கள் வீட்டு ஆள்

யாசெனிக் கன்னியர் மடத்துக் கோவிலில் சொர்க்கத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அது மேலே, கோபுரத்தின் உட்குடைவில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நரகம் அப்படியல்ல. மேற்குச் சுவரில், ஆள் உயரத்தில், வாசலை ஒட்டியே இருக்கிறது. பூசை முடிந்து வெளியே போகிற எவரும் அதை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கோவிலைக் கட்டிய பிரபு தெற்குச் சுவரில், கோவிலையே ஒரு பொம்மை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு அறுநூறு வருடமாக நிற்கிறார். பாவம், அவரையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. மடத்துக்குக் கீழே இருக்கும் லிபோவோ ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பதெல்லாம் நரகத்தைத்தான்.

பார்க்க வேண்டிய இடம்தான் அது. தலைமைத் தூதர் மிக்கேல் தராசைப் பிடித்திருக்க, ஒரு குட்டிப் பிசாசு தட்டைக் கீழே இழுத்துக் கள்ள எடை போடப் பார்க்கிறது. அங்கிருந்து கிளம்பும் நெருப்பு ஆற்றில், இடுப்பில் கயிறு கட்டிப் பாவிகளை வரிசையாக இழுத்துப் போகிறார்கள். பக்கத்து நிலத்து வரப்பைத் தள்ளி உழுதவன் கலப்பையோடு போகிறான். கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டவள் காதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் இரண்டு கோடைகாலம் லிபோவோவில் தங்கினாராம். ஊர்க்காரர்கள் அவரைச் சாப்பாட்டிலும் குடியிலும் ஏமாற்றினார்களாம். அவர் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் சுவரில் தீர்த்துக்கொண்டாராம். உண்மையோ பொய்யோ, அந்த மனிதர் லிபோவோவை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

கலப்பைக்காரனால் யாருக்கும் சங்கடமில்லை. ஊரில் எல்லோரும் உழுகிறவர்கள், அதனால் அவன் யாருடைய முப்பாட்டனும் இல்லை. ஒட்டுக்கேட்டவளும் அப்படியே. சங்கடமெல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவனால்தான். கழுத்தில் வட்டமாக, கனமாக ஏதோ தொங்கியது. அரைவைக் கல், வேறென்ன? மூட்டைக்கு ஒரு பிடி திருடிய மாவு மில்காரன். லிபோவோவில் அன்றும் இன்றும் ஒரே ஒரு மில்தான், ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிறது. அதை நடத்துவதும் ஒரே ஒரு குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் விதோசவா.

அந்தப் பாவிக்கு முகம் இருக்காது. சுரண்டி எடுத்திருக்கும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊரே ஒரே குரலில், "துருக்கிக்காரன் பண்ண வேலை" என்று சொல்லும். அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட துருக்கியர் செய்த வேலைகள் உண்டு. கோவில் கூரையின் ஈயத்தைக் குண்டு வார்க்கக் கொண்டுபோனார்கள், மணி அடிக்கத் தடை போட்டார்கள். அன்றைக்கு மணிக்குப் பதிலாகத் தட்ட ஆரம்பித்த மரப்பலகையைக் கன்னியர்கள் இன்றைக்கும் விடாமல் தட்டுகிறார்கள். ஆனால் அந்த முகம் துருக்கியர் கணக்கில் சேராது. மில் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வரும் ஒவ்வொரு பெண்ணும், கல்யாணத்தன்று புனிதர்களின் படங்களை முத்தமிட்டுவிட்டு வெளியேறும்போது, கொண்டை ஊசியை உருவி அந்த முகத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போவாள். வீட்டு மானத்தைக் காக்க மருமகள் செய்யும் முதல் காரியம் அது. விதோசவா கல்யாணத்தன்று மூக்கு மட்டும்தான் மிச்சமிருந்தது. மாமியார் விலாவில் இடித்து, "ம்ம், சீக்கிரம்" என்றாள். விதோசவா நல்ல பலசாலி. அத்தோடு மூக்கும் போயிற்று.

முகம் போனதே தவிரப் பேச்சுப் போகவில்லை. மில்லுக்கு எதிரே மதுக்கடை வைத்திருக்கும் ஓப்ராத் இருக்கும்வரை போகவும் போகாது. ஓப்ராத்துக்கு வாய் அதிகம், காது அதைவிடப் பெரிது. மில்லுக்கு யார் மூட்டை கொண்டுபோனாலும் கடை வாசலில் நின்று, "எடை போட்டுக்கிட்டுப் போறியாப்பா? அப்புறம் மிக்கேல் தூதர்கிட்டதான் போய்க் கேக்கணும்!" என்பான். இதையெல்லாம் விதோசவா காதில் போட்டுக்கொள்வதில்லை. அவளால் மறக்க முடியாதது வேறொன்று.

நவம்பரில் தலைமைத் தூதர் திருநாள்தான் மடத்தின் பெருவிழா. அந்த வருடத்து விழாக்காரர் பெரிய ரொட்டியைக் கொண்டுவருவார். சாமியார் அதன் மேல் சிலுவை கீறி ஒயின் ஊற்றுவார். எல்லோருமாகப் பிடித்துச் சுற்றுவார்கள். பிறகு விழாக்காரர் ரொட்டியை நீட்டிக்கொண்டு நிற்பார். யார் கை நீட்டி வாங்குகிறார்களோ அவர்கள்தான் அடுத்த வருடத்து விழாக்காரர். ஊருக்கே சோறு போட வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை லிபோவோவில் கிடையாது. கூரை இல்லாமல் மழை கோவிலுக்குள்ளேயே பெய்த காலத்திலும், துறவிகள் எல்லோரும் ஓடிப்போன காலத்திலும், ஊர்க்காரர்கள் மட்டும் வந்து இந்த ரொட்டியைக் கைமாற்றியிருக்கிறார்கள். ஒரு வருடமும் விட்டதில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு திருநாளில் விதோசவாவின் கணவன் தெசிமிர் கையை நீட்டினான். தெசிமிர் கூச்ச சுபாவம். புதுச் சட்டை போட்டு, ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்து நீட்டிய கை அது. அப்போது கூட்டத்திலிருந்து ஓப்ராத், "கைய எப்படி நீட்டுறான் பாருங்கய்யா! மூட்டைக்குள்ள விட்டுப் பழகின கை!" என்றான். கோவிலே அதிர்ந்தது. சாமியாரின் தாடிகூட ஆடியது. தெசிமிரும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வேறு யாரோ ரொட்டியை வாங்கினார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் எந்தத் திருநாளுக்கும் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, மில்லைப் பார்க்க வேண்டும் என்பான். வறட்சி வருடத்திலும் அதையேதான் சொன்னான். விதோசவாவுக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாக இருந்தது. ஒரே ஒரு தடவை அந்த ரொட்டி மில் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

இந்த வருடம் வசந்தத்தில் மடத்துத் தலைவி மகாரியா அம்மா சுவர்களைச் சுத்தம் செய்ய ஆள் வரவழைத்தார். எத்தனையோ வருடம் தலைநகருக்கு நடையாய் நடந்து, கடைசியில் அங்கிருந்தவர்கள் இந்த அம்மாவின் தொல்லை தாங்காமல் அனுப்பிவைத்த ஆள் கோசரா. நாற்பது வயது, ஆண்பிள்ளைக் கால்சட்டை, எந்நேரமும் வாயில் சூரியகாந்தி விதை. வேனிலிருந்து இறங்கியதும் சாரம் கட்டி, பஞ்சும் சிறு கத்தியுமாக மேலே ஏறிவிட்டாள். முதலில் சொர்க்கம். கோடை முடியும்போது கீழே நரகத்துக்கு வந்தாள்.

விதோசவாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. கொண்டை ஊசி விவகாரம் வெளியே வந்துவிடுமோ என்று ஒரு பக்கம் பயம். சுவரில் படிந்த புகைக் கரியெல்லாம் போனால் அது கல்லே இல்லை என்று ஆகிவிடாதா என்று இன்னொரு பக்கம் நப்பாசை. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கோவிலுக்குள் நுழைந்தாள். ஒருநாள் சுடச்சுட சீஸ் அடை, ஒருநாள் வால்நட் ரொட்டி. கோசரா வாங்கித் தின்றாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, நீங்க இப்படியே கொண்டுவந்தா நான் சாரத்துல ஏற முடியாது. பலகை தாங்காது."

"தாங்கும், தாங்கும், சாப்பிடு. அந்தக் கழுத்துல தொங்குதே, அது... கல்லுதானே?"

"துடைச்சாத்தான் தெரியும்."

"எப்பத் துடைப்ப?"

"நீங்க வெளிச்சத்த மறைக்காம நின்னா இன்னைக்கே துடைப்பேன்."

அன்று மாலைக்குள் துடைத்தும் விட்டாள். பஞ்சு போன வழியில் முதலில் ஒரு வளையம் தெரிந்தது, பிறகு இன்னொரு வளையம், நடுவில் மரச்சட்டங்கள். பாவியின் கையில் ஒரு கூஜா. தோளுக்குப் பின்னால் ஒரு பிசாசு குடத்தைச் சாய்த்து, கூஜாவுக்குள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கல்லும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அது ஒயின் பீப்பாய். அறுநூறு வருடமாக நரகத்தில் வெந்துகொண்டிருந்தவன் மதுக்கடைக்காரன்.

விதோசவா போட்ட கூச்சலில் கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த மகாரியா அம்மா தட்டோடு ஓடிவந்தார்.

"என்னடி, சுவரு விழுந்துருச்சா?"

"ஓப்ராத் விழுந்துட்டான் அம்மா! ஓப்ராத் விழுந்துட்டான்!"

செய்தி ஊருக்குள் போனதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் விதோசவா மடத்துச் சரிவில் இறங்குவதற்குள் போய்விட்டது. அவள் நடுத்தெருவில், தலைத்துணியைப் பின்னால் தள்ளிவிட்டு, கல்யாணப் பெண் மாதிரி நடந்தாள். ஓப்ராத் கடையில் ஒரு கிழவன் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மீன் ஏதாச்சும் நீந்துதா பாருங்கப்பா" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். ஓப்ராத் கடை ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு மடத்துக்கு ஓடினான். அந்தக் காட்சியைத் தவறவிட மனசில்லாமல் விதோசவாவும் திரும்பி அவன் பின்னாலேயே ஏறினாள்.

"இது பீப்பாயே இல்ல!" ஓப்ராத் சுவருக்கு முன்னால் நின்று கத்தினான். "இது சீஸ் வட்டம். இவன் ஆட்டுக்காரன்!"

"அப்ப அந்தத் தண்ணிக் குடம் எதுக்கு?" என்றாள் கோசரா.

"ஆடு குடிக்க."

"கூஜாவுலயா குடிக்கும்?"

ஓப்ராத் சுவரை இன்னும் நெருங்கிப் போனான். கண் முகத்தின் மேல் போயிற்று. முகம் இருக்க வேண்டிய இடத்தின் மேல். அவன் காது சிவக்க ஆரம்பித்தது. "சரி, எங்க முப்பாட்டன்தான். அப்படியே இருக்கட்டும். அவரு மூஞ்சி எங்க? எங்க முப்பாட்டன் மூஞ்சிய எவன் சொரண்டினான்?"

"துருக்கிக்காரன்தான்" என்றாள் விதோசவா, உடனே.

கோசரா விதைத் தொலியைக் கையில் துப்பிக்கொண்டாள். "துருக்கிக்காரன்னா கத்தி, ஈட்டி. இதெல்லாம் மெல்லிசான கீறல். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துது. கொண்டை ஊசி மாதிரி இருக்கு."

விதோசவாவின் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போயிற்று. மகாரியா அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஓப்ராத் ஒருத்தியைப் பார்த்தான், பிறகு மற்றவரைப் பார்த்தான். வாய்தான் நீளமே தவிர ஆள் முட்டாள் இல்லை.

"அடிப்பாவி!" என்றான். "நீயா?"

"நான் மூக்கு மட்டும்தான்" என்றாள் விதோசவா.

"உங்க வீட்டுக்கு வந்தவளுங்க எல்லாம் தலைமுறை தலைமுறையா எங்க முப்பாட்டன் மூஞ்சியச் சொரண்டியிருக்கீங்க. அவரு உங்களுக்கு என்னடி பண்ணாரு?"

"எங்க முப்பாட்டன்னு நெனச்சுல்ல சொரண்டினோம்! தெரிஞ்சிருந்தா தொட்டிருப்போமா? தங்கமா வச்சுக் காப்பாத்தியிருப்போம்!"

"நல்லாக் கேட்டுக்கோ. இந்த வருஷம் விழாக்காரன் நான். ரொட்டி என் கையில. ஊருல ஓடுற நாய்க்குக் குடுத்தாலும் குடுப்பேன், உனக்குக் குடுக்க மாட்டேன்."

விதோசவா வாய்விட்டுச் சிரித்தாள். அவன் கொடுக்காவிட்டால் ஊர் கொடுக்க வைக்கும். மில் வீடு இப்போது சுத்தமான வீடு. ஊரில் ஒரு மில், ஒரு மதுக்கடை. சுவரில் இருப்பது மதுக்கடை. அன்றிரவு அவள் படுத்ததும் தூங்கினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கோசரா ஆள் அனுப்பினாள். சும்மா அனுப்பவில்லை, "தனியா வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். விதோசவா போனபோது மகாரியா அம்மாவும் அங்கே கைகளை அங்கிக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும், ஆளுயர இரும்புச் சட்டத்தில் பொருத்திய மணல் தட்டு மேற்குச் சுவரை ஒட்டித்தான் எப்போதும் இருக்கும். அதை நகர்த்தியிருந்தார்கள். அந்த இடம்தான் சுவரிலேயே கறுத்த இடம், அடுப்புக்கு மேல் சுவர் மாதிரி. இப்போது கரி போயிருந்தது.

பீப்பாய்க்காரனின் இடுப்புக் கயிறு அப்படியே நீண்டு வந்து அடுத்தவன் இடுப்பில் முடிந்தது. அவன் கழுத்தில் தொங்கியது அரைவைக் கல்லேதான். நடுவில் ஓட்டை, வரிவரியாகக் கொத்தல், சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒரு கை மூட்டைக்குள் இருந்தது. எந்தக் கொண்டை ஊசியும் தொடாத முகம், நேற்றுத்தான் வரைந்தது போல இருந்தது. அகலமான நெற்றி, ஒரு பக்கம் லேசாக ஏறிய புருவம், நுனியில் தடித்த மூக்கு. அகப்பட்டுக்கொண்ட பிறகு வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வரும் அசட்டுச் சிரிப்பு.

விதோசவா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சவரா, அக்கா?" என்றாள் கோசரா.

"என் வீட்டுக்காரரு."

அவள் அழுதாள். வெட்கத்தால் அல்ல, அது பிற்பாடு வந்தது. தெசிமிர் படமெடுக்கக் கூச்சப்படுவான். வீட்டில் இருந்த ஒரே படத்தில் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கே மறக்க ஆரம்பித்திருந்தது. அவன் போனதிலிருந்து இறந்தவர்களை நினைக்கும் ஒவ்வொரு ஆன்மாக்கள் சனிக்கிழமையும் அவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது இந்தத் தட்டில்தான். அந்தப் புகையில் அவளுடையதும் கொஞ்சம் இருந்திருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் புத்தி வேலை செய்தது. திருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"அம்மா," என்றாள், "அந்தத் தட்ட அங்கயே வச்சுருங்களேன்."

"புகை படும். நான் இத்தனை மாசம் பாடுபட்டது வீணாப்போயிரும்" என்றாள் கோசரா.

"ஏத்த வேண்டாம். சும்மா இருக்கட்டும். சட்டத்து மேல ஒரு துணியப் போட்டு மூடிருங்க. திருநாள் வரைக்கும்தான் அம்மா. ரொட்டி கைக்கு வந்துட்டா அப்புறம் யாரு வேணும்னாலும் பாத்துட்டுப் போகட்டும்."

மகாரியா அம்மா யோசித்தார். "பொய் சொல்ல மாட்டேன்டி. யாராச்சும் கேட்டா உண்மையத்தான் சொல்லுவேன்."

"யாரு கேப்பா?"

"அது என் பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மாவே போய்ப் பெரிய விரிப்பாகப் பார்த்து எடுத்துவந்தார்.

திருநாளன்று காலையிலேயே இலேசாகப் பனி விழுந்திருந்தது. சின்னக் கன்னி ஒருத்தி தோளில் பலகையை வைத்துத் தட்டிக்கொண்டே கோவிலைச் சுற்றி வந்தாள். மடத்துக்குள் கறி கூடாது. அதனால் மதிலுக்கு வெளியே புல்வெளியில் ஓப்ராத் வீட்டு அண்டாக்கள் கொதித்தன. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியின் வாசனை மதிலேறிக் கோவிலுக்குள் வந்து பூசையில் நின்றவர்களைப் படாதபாடு படுத்தியது. கோவிலில் ஊசி விழ இடமில்லை. சுத்தம் செய்த சுவரைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். கோசரா ஒரு மூலையில் கேமராவோடு, யாரும் சுவரைத் தொட்டுவிடாமல் காவல் நின்றாள்.

சாமியார் ஒயின் ஊற்றினார். ரொட்டி சுற்றியது. பிறகு ஓப்ராத் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி மேற்குச் சுவருக்கு முதுகு காட்டி நின்றான். அதாவது, அவன் முப்பாட்டனுக்கு முன்னால் நின்றான்.

"ஓப்ராத், ரொட்டி ஈரமா இருக்கே, இதுலயும் தண்ணி ஊத்திட்டியா?" என்று ஒரு குரல் வந்தது.

கூட்டம் சிரித்தது. "அண்டாவுல கறி எத்தனை, தண்ணி எத்தனை?" என்றது இன்னொரு குரல். "விடுங்கப்பா, அவன் என்ன பண்ணுவான், ரத்தத்துலயே தண்ணி!" இதற்குக் கோவிலே அதிர்ந்தது. சாமியார் தாடியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

ஓப்ராத்தும் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. பெரிய காதுகள் இரண்டும் நெருப்பாய்ச் சிவந்திருந்தன. கூட்டத்தில் யாரோ விதோசவாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். "போ விதோசவா, உன் வீடுதான் சுத்தம்! நீ வாங்கு!" ஆளாளுக்கு வழிவிட்டார்கள். அவள் ஓப்ராத்துக்கு எதிரே போய் நின்றாள்.

"ஊரே சொல்லுது" என்றான் ஓப்ராத், அவள் முகத்தைப் பார்க்காமல். "சுத்தமான வீடாம். நாய்க்குக் குடுப்பேன்னு சொன்னேன், தப்புத்தான். இந்தா, வாங்கிக்கோ. சீக்கிரம் வாங்கிட்டுப் போ."

இத்தனை வருடம் அவள் ஆசைப்பட்டது இதோ, கைக்கெட்டும் தூரத்தில், எள்ளும் கசகசாவும் மணக்க இருந்தது. கையை நீட்டினால் போதும். ஆனால் அவள் கண் ரொட்டியில் நிற்கவில்லை. சிரிக்கிற ஊருக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனுஷனை அவள் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள். இவன் கையில் ரொட்டி இருந்ததால் அதைப் பைக்குள் போட்டுக்கொள்ள முடியவில்லை, அதுதான் வித்தியாசம். அவனுக்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தித் தட்டும் விரிப்பும் இருந்தன. ஊர் சிரித்துவிடுமே என்று பயந்து அவளே தன் கணவனை விரிப்புக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். தெசிமிர் மட்டும் இந்தத் திருநாளுக்கும் வரவில்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ, கீழ போட்டுறாத" என்று ஓப்ராத்திடம் சொல்லிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். விரிப்பு சரிந்து விழுந்தது.

"பாருங்க எல்லாரும்!" என்றாள். "நல்லாக் கிட்ட வந்து பாருங்க! கோசரா, நீ கத்தாத, யாரும் தொட மாட்டாங்க. இவருதான் மில்காரரு. கழுத்துல கல்லு, கை மூட்டைக்குள்ள. யாரு சாயல்னு தெரியுதா? தெரியலைன்னா நான் சொல்றேன். எங்க வீட்டு ஆளு. தெசிமிர் உரிச்சு வச்ச மாதிரி!"

முன்வரிசை கழுத்தை நீட்டிக்கொண்டு சுவரை நெருங்கியது.

"எங்க வீடு சுத்தமில்ல" என்றாள் விதோசவா. "மூட்டைக்கு ஒரு பிடி எடுத்திருப்பாரு, யாரு கண்டா? பத்து நாளாத் தெரிஞ்சும் நான் மறைச்சேன். ரொட்டி கெடைக்கணும்னு மறைச்சேன். இப்பச் சொல்லிட்டேன். ஓப்ராத், உன் ஆளையும் என் ஆளையும் அந்த ஓவியன் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கான். நீ குடுத்தா நான் வாங்குறேன். என் ஆளோட சேத்துத்தான் வாங்குவேன். குடுக்க இஷ்டமில்லன்னா அதையும் சொல்லிரு, வீட்டுக்குப் போறேன்."

ஓப்ராத் திரும்பிச் சுவரைப் பார்த்தான். மில்காரனைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், முகமில்லாத தன் ஆளைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று முன்வரிசை நினைத்தது. அழவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வெடித்த சிரிப்பு அது. அவனைப் பார்த்து விதோசவாவுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ரொட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் என்ன செய்யும்? அதற்கும் சேர்ந்து சிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"அன்னைக்கு அவன் கை நீட்டினப்ப," என்று ஓப்ராத் ஆரம்பித்தான். சிரித்த வாய் அப்படியே நின்றது. "தெசிமிர்... நான் சும்மா விளையாட்டுக்குத்தான் விதோசவா..."

"தெரியும்."

"அவன் அப்புறம் வரவே இல்லயே."

"ஆமா. வரல."

ஓப்ராத் ரொட்டியை அவள் கையில் வைத்தான். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தான். "அடுத்த வருஷம் ஒயின் என் பொறுப்பு" என்றான்.

"உன் ஒயின் வேணும். தண்ணி என் ஆத்துல நெறைய ஓடுது, நீ கொண்டுவராத."

சாமியார் அவசரமாக ஆசீர்வாதத்தை முடித்தார். அண்டா வாசனை அவரையும் விட்டுவைக்கவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு புல்வெளிக்குப் பாய்ந்தது. ஓப்ராத்தின் குரல் வெளியே அதற்குள் உயர்ந்துவிட்டது: "வரிசையா வாங்கய்யா, வரிசையா! நரகத்துலகூட வரிசையாத்தான் போறாங்க!"

விதோசவா கூட்டத்தோடு போகாமல் கோவிலுக்குள்ளேயே நின்றாள். ரொட்டி கனமாக, இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவருக்குக் கிட்டே போனாள். முகம் சரியாக அவள் உயரத்தில் இருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று முன்னால் சாய்ந்து அந்த நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"ஐயோ, ஈரம்! ஈரம்!" என்று மூலையிலிருந்து கோசரா அலறினாள்.

மகாரியா அம்மா வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏய் விதோசவா! என்ன காரியம்டி பண்ற? அவரு புனிதரு இல்லடி!"

"எனக்குத் தெரியாதா அம்மா?" என்றாள் விதோசவா. "அவரோட குடும்பம் நடத்தினவ நானு."